மண் ஓரம் இருந்த சாலை

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டையில் ஒரு தெருவில் நெசவுக்குப் பாவு போட்டிருந்தால், சைக்கிளில் வருகிறவர் தெருமுனையிலேயே இறங்கிவிடுவார். விடிந்தும் விடியாத நேரத்தில், வெயில் ஏறுவதற்குள், தெருவின் நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். இரண்டு முனையிலும் முளை அடித்து, இடையிடையே மூங்கில் கவைகள் நட்டு, அவற்றின் மேல் இடுப்பு உயரத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் நெருக்கமாக விரிந்து கிடக்கும். கஞ்சியில் தோய்த்த பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே வேகத்தில் நடப்பார்கள். தெரு முழுக்க அரிசிக் கஞ்சி வாசனை. ஓர் இழை அறுந்தாலும் வேலையை நிறுத்திப் பிணைக்க வேண்டும். பிணைப்பதற்குள் கஞ்சி காய்ந்துவிடும். அதனால் சைக்கிள்காரர் திண்ணை ஓரமாக வண்டியைச் சாய்த்து, ஹேண்டில்பார் நூலில் படாமல் தள்ளிக்கொண்டே போவார். நூல் இறக்க வந்த மாட்டுவண்டியும் முனையில் நிற்கும். லாரி வந்தாலும் அப்படித்தான். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். பாவின் மேல் புகை படிந்துவிடக் கூடாது என்பது வெளியூர் டிரைவருக்கும் தெரிந்திருந்தது.

வெயில் உறைக்கத் தொடங்குவதற்குள் பாவைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். முளைகளையும் கவைகளையும் பிடுங்கிச் சுவரோரம் சாத்திவிட்டால் தெரு மறுபடி வண்டிகளுக்கு.

சாலை யாருக்குச் சொந்தம் என்று இன்று காரும் பைக்கும் சைக்கிளும் மல்லுக்கு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெருதான் நினைவுக்கு வரும். எது சீக்கிரம் அறுந்துபோகுமோ அதற்குத்தான் அங்கே முதல் வழி. வலுத்தது காத்திருக்கும். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை, போலீஸ் நிற்கவில்லை. நெசவாளர் ஊர், நூலின் அருமை தெரிந்த ஊர், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே திருத்தணி சாலையிலும் நகரி சாலையிலும்கூட அதே பழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. அங்கே நூலின் இடத்தில் சைக்கிள்காரர் இருந்தார்.

அப்பாவிடம் இருந்தது ஹெர்குலிஸ். கறுப்பு வண்டி, உயரமான ஃபிரேம், கம்பி பிரேக். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையில் செய்தது. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949ல் தொடங்கிய கம்பெனி அது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. "நம்ம ஜில்லாவுல செஞ்ச வண்டி" என்பார் அப்பா. அன்று அம்பத்தூரும் திருத்தணியும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் மாவட்டம் 1997ல்தான் பிரிந்தது. அதற்கும் முன்னால், அப்பா வாலிபராக இருந்தபோது, எங்கள் பக்கம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் இந்தப் பகுதித் தமிழர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. ஆனால் நூலும் துணியும் கல்யாண உறவும் எல்லைக்கு இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருந்தன. அப்பாவின் சைக்கிளும் போய்வந்தது. சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, சைக்கிள்காரர்கள் அந்த வரிசையின் ஓரமாகவே தமிழிலும் தெலுங்கிலும் பேசிக்கொண்டு கடந்து போவார்கள்.

அந்த வண்டியில் அவர் பாரம் கட்டுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு கட்டு நூல் பத்து ராத்தல், இன்றைய கணக்கில் 4.54 கிலோ. கேரியரின் மேல் அகலமான மரப்பலகை ஒன்றை நிரந்தரமாகக் கம்பியால் முறுக்கி வைத்திருந்தார். அதன் மேல் பழைய வேட்டியை விரித்து, கட்டுகளை இரண்டு இரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார். கிழிந்த டியூபை நீளவாட்டில் வெட்டிய ரப்பர் வாரை எடுத்து, கேரியரின் இடப்பக்கக் கொக்கியில் மாட்டி, முழங்காலால் பாரத்தை அழுத்திக்கொண்டே வலப்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுவார். கடைசியில் சீட்டைப் பிடித்து வண்டியை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். பாரம் தனியாக ஆடினால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு எதிரி மேடில்லை, காற்றுதான் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஸ் ஒட்டிக் கடந்தால் முதலில் காற்று வெளியே தள்ளும். பஸ்ஸின் உடம்பு பாதி கடந்ததும் அதே காற்று உள்ளே இழுக்கும். தள்ளுகிறது என்று வலப்பக்கம் சாய்ந்து தாக்குப்பிடித்தவன் இழுக்கும்போது பின்சக்கரத்தடியில் போய்விடுவான். சைக்கிளை முந்துகிற எல்லோருக்கும் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும். காரின் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் தம் வண்டி வீசிய காற்றை உணர்வதே இல்லை.

அந்தக் காலத்துத் திருத்தணி சாலை ஒரு பஸ் அகலத்துக்கும் கொஞ்சம் கூட. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் இரண்டுமே ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். அந்த மண்தான் சாலையின் பாதி. தாருக்கு இரண்டு பக்கமும் கெட்டியான செம்மண் ஓரம், அதற்கு அப்பால் புளியமரங்கள். தாரும் மண்ணும் ஒரே மட்டம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால், சக்கரத்தின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் தாரிலிருந்து மண்ணுக்கு வந்துவிட்டோம் என்று தெரியும். சைக்கிள்காரர்கள் பாதி வழி அந்த மண்ணிலேயே போனார்கள். ஒரு புளிக்கும் அடுத்த புளிக்கும் இடையே நிழல் விட்டு நிழல் போகலாம். சக்கரம் பட்டுப் பட்டு அந்த ஓரத்தில் ஒரு தனித்தடமே விழுந்திருந்தது. புளி உலுக்கும் மாதங்களில் ஏலம் எடுத்தவர்கள் சாக்கு விரித்திருப்பார்கள். அப்போது மட்டும் சைக்கிள் தாருக்கு ஏறும், பஸ் பொறுத்துக்கொள்ளும்.

பஸ் டிரைவர்களுக்கு முக்கால்வாசி சைக்கிள்காரர்களைத் தெரியும். தறியிலிருந்து இறங்கி லைசென்ஸ் எடுத்துப் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு அவர்கள் வருவதும் சைக்கிளில்தான். விடியற்காலை முதல் டிரிப்புக்குச் சைக்கிளில் வந்து, காக்கிச் சட்டையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்காருகிறவருக்கு, முன்னால் பெடல் மிதிக்கிற கால் என்ன பாடு படுகிறது என்று புரியும். மேட்டில் பாரத்தோடு ஏறுகிற சைக்கிளுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கவே மாட்டார்கள். கியரை மாற்றிக்கொண்டு பின்னாலேயே உருட்டுவார்கள். மேடு தாண்டியதும் சைக்கிள்காரர் இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மண்ணில் இறங்குவார். பஸ் கடக்கும்போது டிரைவர் லேசாக ஒரு தட்டு ஹாரன் கொடுப்பார். அது நன்றி.

ஹாரன் அடிக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கைத்தறி போய் விசைத்தறி வந்தபிறகு எங்கள் ஊரில் காது மந்தமானவர்கள் அதிகமானார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாலு தறி ஓடினால், உள்ளே நிற்கிறவர்கள் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்ள முடியும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டுச் சாயங்காலம் சைக்கிளை எடுக்கிற மனிதருக்குப் பின்னால் வருகிற வண்டி கேட்காது. பேட்டைக்குள் நுழைகிற வண்டிக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஹாரனை நம்பாமல் பிரேக்கை நம்பினார்கள்.

ராத்திரி ஓட்டத்துக்கும் ஒரு முறை இருந்தது. டைனமோ உள்ள சைக்கிள் குறைவு. மிதித்தால்தான் வெளிச்சம், நின்றால் அணைந்துவிடும். மற்றவர்களுக்கு ஹேண்டில்பாரில் தொங்கும் மண்ணெண்ணெய் விளக்கு, அதுவும் இல்லாதவர்களுக்கு நிலா. எதிரே லாரி வந்து பெரிய விளக்கைப் போட்டால் சைக்கிள்காரருக்குச் சாலையே மறைந்துவிடும். அதனால் டிம் அடிப்பது எதிரே வரும் லாரிக்கு மட்டுமில்லை, சைக்கிளுக்கும் உண்டு. விளக்கில்லாத சைக்கிளுக்குப் பின்னால் வருகிற லாரி சில சமயம் முந்தாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்து தன் வெளிச்சத்தைக் கொடுக்கும். என் மாமா ஒருவர் பள்ளிப்பட்டு சாலையில் அப்படி ஒரு லாரி வெளிச்சத்தில் வீடு வந்ததைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சைக்கிள்காரரும் அன்று விதிக்கு உட்பட்டவர்தான். பஞ்சாயத்தில் வருஷ வரி கட்டி ஒரு தகர வில்லை வாங்கி முன் ஃபோர்க்கில் மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் வந்தாலோ டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ் பிடித்துச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கி விடும். அதை யாரும் அநியாயம் என்று சொன்னதாக ஞாபகமில்லை. சாலையில் தனக்கு இடம் இருக்கிறது என்பதற்கு அந்த வில்லை ஓர் அத்தாட்சி. வரி ரத்தானபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வில்லையோடு சேர்ந்து, சைக்கிளும் ஒரு வண்டி என்ற நினைப்பும் மெல்லப் போய்விட்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஓட்டக் கற்றது வாடகை சைக்கிளில். மட்கார்டில் வெள்ளை பெயின்டால் நம்பர் எழுதிய வண்டிகள் கடை முன்னால் சாய்ந்து நிற்கும். மணிக் கணக்கில் வாடகை. கடைக்காரர் நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, "ரா நாயனா, பார்த்துப் போ" என்று ஒரே மூச்சில் இரண்டு மொழியையும் பேசி அனுப்புவார். சீட்டு எட்டாது. பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல்தான். அரைப் பெடல், கால் பெடல் என்று முன்னேறி, ஒருநாள் பாரைத் தாண்டிக் காலைப் போட்டபோது தெருவே வேறு உயரத்தில் தெரிந்தது.

அந்தக் கடைக்காரரிடம் பஞ்சர் ஒட்டப் போனால் ஒரு பாடமே நடக்கும். டியூபைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, குமிழி வருகிற இடத்தில் ஈர்க்குச்சியைச் செருகி அடையாளம் வைப்பார். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டமாட்டார். அது காய்கிற நேரத்தில்தான் பேச்சு. சாலையில் எப்படிப் போக வேண்டும் என்று அவர் அப்போது சொன்னது இன்றும் என் கையில் இருக்கிறது. மண்ணில் இறங்கும்போது ஹேண்டிலை வெடுக்கென்று திருப்பாதே. தாருக்கு ஏறும்போது ஓரத்தை ஒட்டியே சாய்த்து ஏறாதே, விளிம்பு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கீழே தள்ளிவிடும். நேர் குறுக்காக ஏறு. முதலில் ஏறு, பிறகு திரும்பு. முன் பிரேக்கை மண்ணில் தொடாதே. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, தலை திரும்பினால் கையும் திரும்பும். விளிம்பே இல்லாத சாலையில் விளிம்பைப் பற்றி எதற்கு இவ்வளவு சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். எங்கேயோ நெடுஞ்சாலையில் ஓட்டியிருப்பார் போலிருக்கிறது.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது எங்கள் பக்கம் வெகு நாள் கழித்துத்தான் வந்தது. சின்னம்மாக்களும் அக்காக்களும் தறிக்கு நூல் தார் சுற்றினார்கள், பாவுக்கு நின்றார்கள், நூல் மூட்டையைத் தலையில் சுமந்தார்கள். சைக்கிளைத் தொடவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஷீலாராணி சுங்கத் அப்போது ஆட்சியர். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதினார். பிறகு 2001–02ல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் அது எல்லா மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. அந்த ஆண்டுகளின் சாயங்காலங்கள் எனக்குக் கண்ணிலேயே நிற்கின்றன. பள்ளிக்கூட மணி அடித்ததும் சாலை முழுக்க ஒரே நிறத்துச் சைக்கிள்கள், ரிப்பன் சடைகள், கேரியரில் புத்தகப் பை. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக வரிசை கட்டிப் போவார்கள். பின்னால் வருகிற பஸ் உருட்டிக்கொண்டே வரும். தன் வீட்டுப் பெண் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம் என்கிற நினைப்பு ஒவ்வொரு டிரைவருக்கும் இருந்தது. பத்தாம் வகுப்போடு தார் சுற்ற உட்கார்ந்திருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் அந்தச் சைக்கிளால் பிளஸ் டூ முடித்தார்கள்.

சைக்கிள் எப்போது குறைய ஆரம்பித்தது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. எங்கள் ஊர் அதை ஓடி வந்து கட்டிக்கொண்டது. நூல் கட்டுகளைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் துணி மூட்டை, நகரிக்குப் போய்வந்தாலும் முட்டி வலிக்காது. அதிலும் பெடல் இருந்தது. பெட்ரோல் தீர்ந்தால் மிதித்து வீடு சேரலாம். அது சைக்கிளின் தம்பி மாதிரி நடந்துகொண்டது. சாலையில் இருவருக்கும் சண்டை வரவில்லை. அப்பா ஹெர்குலிஸைச் சுவரில் சாத்திவிட்டு டி.வி.எஸ்.ஸுக்கு மாறியதை நான் குறை சொல்லமாட்டேன். பாரத்தோடு மேடு மிதித்த நெஞ்சுக்கு அது ஓய்வு. நாடு முழுக்கவே அப்படித்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூறு வீட்டில் பன்னிரண்டு வீட்டில் மோட்டார் இருசக்கர வண்டி இருந்தது. 2011ல் இருபத்தொரு வீடுகள். ஆனால் அதே 2011ல் நூற்றுக்கு நாற்பத்தைந்து வீட்டில் சைக்கிளும் இருந்தது. சைக்கிள் வீட்டை விட்டுப் போகவில்லை. சாலையிலிருந்துதான் அதைத் தள்ளினார்கள்.

எப்படித் தள்ளினார்கள் என்பதை அருகே போய்ப் பார்த்தால் தெரியும். சாலையை அகலப்படுத்தினார்கள், மண் ஓரம் தாருக்குள் போனது. புளியமரங்கள் போயின. பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார். ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்தது, ஓரம் அங்கேயே கிடந்தது. இப்போது விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால், வெட்டிய கேக் போல அடுக்கு அடுக்காகத் தார் தெரியும். கீழே ஜல்லி சிதறிய பள்ளம், அதில் பாட்டில் சில்லும் முள்ளும். என் முழங்கை அளவுக்கு உயர்ந்த இடங்களும் உண்டு. 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். வீடுகள் சாலையைவிடப் பள்ளமாகிவிடக் கூடாது என்பதற்காக வந்த உத்தரவு அது. அதை ஒழுங்காகச் செய்த இடங்களில் சைக்கிள்காரருக்கும் நன்மை கிடைத்தது. செய்யாத இடங்களில் அவர் ஒரு திட்டின் மேல் ஓட்டுகிறார். இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் டிப்பர்.

என் பெரியப்பா அந்தத் திட்டிலிருந்துதான் விழுந்தார். வாழ்நாள் முழுக்கத் தறியில் நின்றவர், காது சுத்தமாக மந்தம். எழுபதைத் தாண்டியும் சைக்கிளை விடவில்லை. அந்தி நேரம், பின்னால் வந்த வண்டி அவரை ஒட்டி முந்தியது. இடிக்கவில்லை. காற்றுதான் தள்ளியது. சக்கரம் விளிம்பிலிருந்து நழுவிப் பள்ளத்தில் இறங்கியது. அவர் உடனே மேலே ஏறப் பார்த்திருக்கிறார், ஓரத்தை ஒட்டிச் சாய்வாக. அறுபது வருஷம் ஒரே மட்டத்துச் சாலையில் ஓட்டிய கை அப்படித்தான் செய்யும். விளிம்பு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. இடுப்பெலும்பு முறிந்தது. வண்டி நிற்கவில்லை. இடிக்கவே இல்லையே, எதற்கு நிற்க வேண்டும் என்று அந்த டிரைவர் நினைத்திருப்பார், அல்லது பார்த்தே இருக்கமாட்டார். பெரியப்பா அதற்குப் பிறகு நடமாடவில்லை. படுத்த இடத்திலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "பின்னாடி வந்தவன் கொஞ்சம் உருட்டியிருக்கக் கூடாதா?"

2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுக்க நடந்து போனவர்கள் 32,825 பேர், சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். யாரையும் இடித்துக் கொல்லும் வலுவில்லாதவர்கள் இந்த இரண்டு கூட்டத்தாரும். பெரியப்பா போல விழுந்து, மாதங்கள் கழித்துப் படுக்கையில் போனவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

சைக்கிள் என்றால் உடனே நெதர்லாந்தைச் சொல்கிறோம், ஏதோ அவர்கள் பிறவியிலேயே அப்படி என்பதுபோல. 1971ல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். கார் பெருகிப் பெருகிச் சைக்கிளை அங்கேயும் ஓரங்கட்டியிருந்தது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்பதே அந்த இயக்கத்தின் பெயர். அதன் பிறகுதான் தனிப்பாதைகள் பெருகின. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். நம்மிடமும் 2017ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள், நடப்பவர், சைக்கிள்காரர், குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோரிடம் தனிக்கவனம் காட்ட வேண்டும் என்றே சொல்கின்றன. எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அதை வாய்விட்டுச் சொல்லித் தருகிறது? எட்டுப் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். முன்னால் ஒரு சைக்கிள் போனால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பதில்லை.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கிற கண்தான் குறைந்துவிட்டது. எங்கள் ஊரில் வயதான நெசவாளர்கள், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போய் நில்லுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பழைய சைக்கிள்களில், சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போவார்கள். சில பேர் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்று திட்டுகிறோம். சாலையைக் கடக்கும் வழி எவ்வளவு தூரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த காலைக் கூடுதலாக ஒரு சுற்று மிதிக்கச் சொல்வதற்கு, சாலை போட்டவர்களுக்குத்தான் மனசு வேண்டும்.

மறுபடி தெருவில் பாவு போட முடியாது. ஆலையில் கஞ்சி போட்டுச் சுற்றிய பாவு உருளையாக டெம்போவில் வந்து இறங்குகிறது. சைக்கிளிலேயே நூல் கொண்டுவாருங்கள் என்று என் தம்பி பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. நான் கேட்பது அந்த மண் ஓரத்தை. தார் மட்டத்துக்கு மண் கொட்டி, உருளை விட்டு இறுக்கி, ஒரு முழ அகலம் கிடைத்தால் போதும், ஒரு சைக்கிள் பிழைத்துக்கொள்ளும். இதற்கு நிலம் எடுக்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம்.

வண்டி ஓட்டுகிறவர்களிடம் கேட்பது வேறு. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் வருகிறீர்களா? முன்னால் பாரம் கட்டிய சைக்கிளோ, நரைத்த தலையோ, பள்ளிச் சீருடையோ தெரிந்தால் ஹாரனில் கை வைக்காதீர்கள். அவருக்குக் கேட்காமலே இருக்கலாம். எதிரே வண்டி வந்தால் அது போகும்வரை பின்னாலேயே உருட்டுங்கள், அரை நிமிஷம்தான் ஆகும். முந்தும்போது உங்கள் காற்று அவர்மேல் படாத தூரத்தில் முந்துங்கள்.

திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் குறைதீர் நாளில் மனு வாங்குகிறார்கள். உங்கள் ஊர்ச் சாலையின் விளிம்பை ஒருநாள் அளந்து பாருங்கள். ஒரு சாண் பள்ளம் இருந்தாலும் இடத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள்.